தொலைதூர இலக்குத் துப்பாக்கி: குண்டுகள் சிதறும் விதத்திலிருந்து பிழையைக் கண்டறிதல்

தொலைதூரத்தில் குண்டுகள் நடுவட்டத்தை விட்டு விலகத் தொடங்கியதும் பெரும்பாலோர் முதலில் குறை சொல்வது தோட்டாவைத்தான். தாமே தோட்டா நிரப்புபவர்கள் இதில் இன்னும் அவசரப்படுகிறார்கள். வெடிமருந்தின் அளவையும் உறைக்குள் குண்டு அமரும் ஆழத்தையும் உடனே மாற்றிப் பார்க்கிறார்கள். தோட்டாவால் வரும் பிழைக்கும், துப்பாக்கியால் வரும் பிழைக்கும், ஸ்கோப் எனும் குறிநோக்கியாலும் காற்றாலும் சுடுபவராலும் வரும் பிழைக்கும் தாளில் விழும் வடிவம் பெரும்பாலும் வேறுபடும். அந்த வடிவத்தையும், அது எந்தத் தூரத்தில் தலைகாட்டுகிறது என்பதையும் படித்த பிறகே கருவிப்பெட்டியைத் திறக்க வேண்டும். இவ்வழிமுறை 300 மீட்டர் முதல் 1000 கெஜம் வரை, அதாவது ஏறத்தாழ 914 மீட்டர் வரை, போல்ட் என்னும் அடைப்பைக் கையால் இயக்கித் தோட்டா ஏற்றும் போல்ட் வகை இலக்குத் துப்பாக்கிகளால் சுடுபவர்களுக்காக எழுதப்பட்டது. மருந்தின் அளவுகள் எதுவும் இதில் தரப்படவில்லை. அவற்றுக்கு உற்பத்தியாளர்கள் வெளியிடும் அட்டவணைகளே ஆதாரம்.

உடனே சுடுவதை நிறுத்த வேண்டிய அறிகுறிகள்

சில அறிகுறிகளில் துல்லியம் பற்றிய கேள்விக்கே இடமில்லை. வழக்கத்தைவிட மெலிந்த ஓசையும் குறைந்த உதைப்பும் வந்தால் குண்டு குழலுக்குள்ளேயே தங்கியிருக்கலாம். அடுத்த தோட்டாவை ஏற்றினால் குழலே வெடிக்கக்கூடும். போல்ட்டைக் கழற்றி, குழல் திறந்திருக்கிறதா என்று பின்பக்கமிருந்து பார்த்து உறுதி செய்யாமல் மீண்டும் சுடக் கூடாது. விசையை இழுத்தும் தோட்டா வெடிக்கவில்லை என்றால், குழல்வாயை இலக்குத் திசையிலேயே வைத்துக்கொண்டு, அரங்க விதி சொல்லும் நேரம், குறைந்தது 30 நொடி, காத்திருந்த பிறகே போல்ட்டைத் திறக்க வேண்டும். தாமதமாக வெடிக்கும் தோட்டா அரிது, ஆனால் இல்லாத ஒன்றல்ல.

போல்ட் பிடியைத் தூக்கக் கடினமாக இருத்தல், பிரைமரில் (மருந்தைப் பற்றவைக்கும் அடிமூடியில்) துளை விழுதல், பித்தளை உறையின் அடிப்பக்கத்தில், உறையை வெளியே தள்ளும் பாகமான எஜெக்டரின் துளையின் பளபளப்பான தடம் பதிதல் ஆகியவை மிகை அழுத்தத்தின் அடையாளங்கள். பிரைமர் தட்டையாவதும் அந்த வரிசையில் வருவதுதான். ஆனால் அது ஒன்றை மட்டும் வைத்துத் தீர்ப்புச் சொல்ல முடியாது, ஏனெனில் மென்மையான பிரைமர்கள் இயல்பான அழுத்தத்திலும் தட்டையாகும். உறையின் அடிக்குச் சற்று மேலே சுற்றிலும் ஒளிரும் வளையம் தெரிந்தால் உலோகம் அங்கே மெலிந்துவிட்டது என்று பொருள்; அடுத்த சுடுதலில் உறை இரண்டாகப் பிரியலாம். பலமுறை நிரப்பிய உறைகளில், குறிப்பாக ஒவ்வொரு முறையும் தோள்பகுதியை (உறையின் கழுத்துக்குக் கீழே சரியும் பகுதியை) அளவுக்கு மீறிப் பின்தள்ளிய உறைகளில், இது விரைவில் வரும். இத்தகைய ஒரு தோட்டாவைக் கண்டால் அந்தத் தொகுதி முழுவதையும் ஒதுக்கிவிடுவதே என் பரிந்துரை. மிஞ்சியவற்றைச் சுட்டுத் தீர்த்துவிடலாம் என்ற சிக்கனம் இவ்விடத்தில் பொருந்தாது.

உண்மையிலேயே பிழை இருக்கிறதா?

நேற்று நன்றாக இருந்த குரூப், அதாவது ஒரே குறியில் சுட்ட குண்டுகளின் சிதறல் பரப்பு, இன்று பெரிதாகிவிட்டது என்ற குறையில் பாதிக்குப் பாதி வெறும் எண்ணிக்கை மயக்கமே. ஒரே துப்பாக்கி, ஒரே தோட்டா, ஒரே கை என்று வைத்துக்கொண்டாலும் மூன்று குண்டுகளின் குரூப், ஐந்து குண்டுகளின் குரூப்பைவிடச் சராசரியாக ஐந்தில் ஒரு பங்கு சிறியதாகவே வரும். பத்துக் குண்டுகளின் குரூப், ஐந்தினுடையதைவிடச் சுமார் 24 விழுக்காடு பெரியதாக வரும். ஆகவே மூன்று குண்டுகளின் குரூப்பைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, போட்டியில் சுடும் இருபது குண்டுகள் அதற்குள் அடங்கவில்லையே என்று வருந்துவதில் பொருளில்லை. மேலும் ஐந்து குண்டுகளின் குரூப் எந்த மாற்றமும் செய்யாமலேயே ஒன்றுக்கு மற்றொன்று கால் பங்கு கூடியும் குறைந்தும் வருவது இயல்பு.

எனவே தேடலைத் தொடங்குமுன், காற்று அடங்கிய காலை நேரத்தில் 100 மீட்டரில் பத்துப் பத்தாக இரண்டு குரூப்புகளைச் சுட்டு வைத்துக்கொள்ளுங்கள். இதுவே பின்னால் வரும் எல்லா ஒப்பீடுகளுக்கும் அடிப்படை. சிதறலைச் சொல்லும் கோண அளவுகளையும் நினைவில் வைக்க வேண்டும்: 1 எம்.ஓ.ஏ. (பாகையில் அறுபதில் ஒரு பங்கு) என்பது 100 மீட்டரில் 29 மி.மீ.; 1 மில் என்பது 100 மீட்டரில் 10 செ.மீ. எஃப்-கிளாஸ் எனும் தொலைதூரப் போட்டி இலக்கின் மிக உள்வட்டம் அரை எம்.ஓ.ஏ. விட்டமுடையது, 1000 கெஜத்தில் அது ஏறத்தாழ 12.7 செ.மீ. கீழே வரும் ஒவ்வொரு பிழையையும் இந்த 12.7 செ.மீட்டருடன் ஒப்பிட்டுப் பார்த்தால், எதற்கு எவ்வளவு கவலைப்பட வேண்டும் என்பது தானே விளங்கும்.

அறிகுறி: 100 மீட்டரில் ஒரே துளை, 900 மீட்டரில் மேலும் கீழுமாக நீண்ட கோடு

தோட்டாவைச் சந்தேகிக்க உண்மையான காரணம் இருக்கும் இடம் இதுதான். குழல்வாயிலிருந்து குண்டு புறப்படும் வேகம் தோட்டாவுக்குத் தோட்டா மாறினால், அது அருகில் தெரியாது. .308 வின்செஸ்டர் என்ற தோட்டா வகையில் 175 கிரெயின் எடையுள்ள போட்டிக் குண்டு நொடிக்கு 790 மீட்டர் வேகத்தில் புறப்படுகிறது என்று கொள்வோம். நொடிக்கு 3 மீட்டர் வேறுபாடு 100 மீட்டரில் ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவான உயர வேறுபாட்டையே தரும். அதே வேறுபாடு 1000 கெஜத்தில் 8 முதல் 10 செ.மீ. வரை வளர்ந்துவிடும். நடுவட்டத்தின் பெரும்பகுதி இதிலேயே தீர்ந்துபோகிறது. நொடிக்கு 10 மீட்டர் ஏறியிறங்கும் தோட்டாக்கள் 100 மீட்டரில் எவ்வளவு அழகாகக் குரூப் தந்தாலும் தொலைதூரத்துக்கு உதவாதவை.

ஊகிப்பதைவிட அளப்பது எளிது. ஒவ்வொரு குண்டின் வேகத்தையும் வேகமானியான கிரோனோகிராஃபில் குறித்து, அதே குண்டு இலக்கில் விழுந்த உயரத்தையும் பக்கத்தில் எழுதுங்கள். வேகமாகப் போனவை மேலேயும் மெதுவாகப் போனவை கீழேயும் விழுந்திருந்தால் குற்றவாளி தோட்டா. வேகத்துக்கும் உயரத்துக்கும் தொடர்பே இல்லாமல் இருந்தால், தோட்டாவைத் தொடவே வேண்டாம். துப்பாக்கியை முன்னால் தாங்கும் ஊன்றுகாலையும் பின்னால் தாங்கும் பின்பையையும் சுடுபவரின் மூச்சையும் பார்க்க வேண்டும். பலரும் கருவியை வாங்குகிறார்கள், சராசரி வேகத்தைப் பார்க்கிறார்கள், அதோடு மூடிவைத்துவிடுகிறார்கள்; குண்டுக்குக் குண்டு ஒப்பிடும் இந்த ஒரு பக்கக் கணக்குதான் அந்தக் கருவியின் முழுப்பயன். குழலோடு கட்டப்படும் வகைக் கிரோனோகிராஃப் குழலின் அதிர்வை மாற்றி குண்டு விழும் இடத்தையும் மாற்றும் என்பதால், இந்த ஒப்பீட்டுக்குக் குழலைத் தொடாத ரேடார் வகையே ஏற்றது.

தோட்டாதான் காரணம் என்று உறுதியானால், முதலில் கலப்படத்தைத் தேடுங்கள். வெவ்வேறு தொகுதி எண்ணுடைய மருந்து, வெவ்வேறு நிறுவனத்தின் உறைகள், ஒரு முறை சுட்டதும் எட்டு முறை சுட்டதுமான உறைகள் ஒரே பெட்டியில் கலந்திருப்பதே மிகப் பரவலான காரணம். உறையின் உட்கொள்ளளவு மாறினால், மருந்து ஒரே எடையாக இருந்தாலும் அழுத்தமும் வேகமும் மாறும். உறையின் கழுத்து குண்டைப் பிடிக்கும் இறுக்கமும் இப்படித்தான்: மீண்டும் மீண்டும் சுட்டுக் கடினமான பித்தளையும் புதிதாகப் பதப்படுத்திய பித்தளையும் ஒரே இறுக்கத்தைத் தருவதில்லை. அடுத்தது தராசு. மின்தராசுகள் சூடேறும் வரையிலும், அருகில் விசிறி ஓடும்போதும், கைப்பேசி பக்கத்தில் இருக்கும்போதும் எண்களை நழுவவிடும். சரிபார்ப்பு எடைக்கல் இல்லாமல் தராசின் எண்ணை நம்புவது வீண். இறுதியாக வெப்பம். வெயிலில் கிடந்த பெட்டியிலிருந்து எடுத்த தோட்டாவும், குழலின் சூடான தோட்டா அறைக்குள் ஏற்றிவிட்டுக் காற்றுக்காக இரண்டு நிமிடம் காத்திருந்த தோட்டாவும் நிழலில் இருந்த தோட்டாவைவிட வேகமாகப் போகும். எவ்வளவு என்பது மருந்தின் வகையைப் பொறுத்தது. காற்றைக் கணித்து முடித்த பிறகே தோட்டாவை ஏற்றும் பழக்கம் இந்தப் பிழையைச் செலவில்லாமல் நீக்கிவிடும்.

வேகம் சீராக இருந்தும் உயரம் நீள்கிறது என்றால் இரண்டு இடங்களைப் பாருங்கள். கடினமான தரையில் ஊன்றுகால் துள்ளினால் குண்டு குழலை விட்டு வெளியேறுமுன்பே குழல்வாய் உயரத் தொடங்கும். கீழே ஒரு தடித்த பாயை விரித்து மீண்டும் சுட்டால் உடனே தெரிந்துவிடும். பின்பையில் துப்பாக்கியின் அடிக்கட்டை ஒவ்வொரு முறையும் வெவ்வேறு ஆழத்தில் அமர்வது மற்றொன்று.

அறிகுறி: குரூப் சாய்கோடாக, மேல் இடதிலிருந்து கீழ் வலதுக்கு நீள்கிறது

இதைப் பார்த்துக் குழம்புபவர்கள் பலர். ஆனால் இது பெரும்பாலும் துப்பாக்கியின் குறையே அல்ல. குண்டைச் சுழற்றும் உட்பள்ளங்கள் வலப்பக்கமாக முறுக்கிய குழலில், இடப்பக்கமிருந்து வீசும் காற்று குண்டை வலது பக்கம் தள்ளுவதோடு சற்றுக் கீழேயும் இறக்கும். வலப்பக்கமிருந்து வீசும் காற்று இடது பக்கம் தள்ளிச் சற்று மேலே ஏற்றும். சுழலும் குண்டு காற்றின் முகமாகத் திரும்பும் கணத்தில் நிகழும் இந்த விளைவால், காற்று இருபுறமும் மாறி மாறி வீசும் நாளில் குரூப் கடிகாரத்தின் 10 மணியிலிருந்து 4 மணிக்குச் சாய்கிறது. திருத்த வேண்டியது காற்றைக் கணிப்பதைத்தான்.

அறிகுறி: முதல் சில குண்டுகள் ஒன்றாக, பிறகு ஒரே திசையில் ஊர்ந்து செல்கின்றன

குழல் சூடேறச் சூடேற குண்டுகள் ஒரே திசையில் நகர்ந்தால், குழல் எதையோ தொடுகிறது அல்லது தனக்குள்ளேயே தகைவைத் தாங்கியிருக்கிறது. ஒரு தாளை இரண்டாக மடித்து, குழலுக்கும் துப்பாக்கியைத் தாங்கும் கட்டையான ஸ்டாக்கின் முன்பகுதிக்கும் இடையே நுழைத்து, குழல் ஆக்‌ஷனில் (போல்ட் இயங்கும் நடு உலோகப் பகுதியில்) சேரும் இடம் வரை இழுத்துப் பாருங்கள். சுடும் நிலையில் ஊன்றுகாலின் மேல் எடை அழுத்தும்போதும் தாள் தடையின்றி நகர வேண்டும். மேசைமேல் படுத்திருக்கும் துப்பாக்கியில் மட்டும் சோதிப்பது போதாது, ஏனெனில் மெல்லிய பிளாஸ்டிக் ஸ்டாக்குகள் பாரம் ஏறினால்தான் வளைந்து குழலைத் தொடும்.

தாள் தடையின்றி நகர்ந்தால் அடுத்தது ஆக்‌ஷனின் அமர்வு. ஆக்‌ஷனும் ஸ்டாக்கும் சேரும் விளிம்பில் விரல்நுனியை வைத்துக்கொண்டு முன்திருகை மெதுவாகத் தளர்த்துங்கள். விரலுக்கு அசைவு தெரிந்தால் ஆக்‌ஷன் சமமாக அமரவில்லை. திருகை இறுக்கும்போதெல்லாம் அது வளைகிறது. திருகுகளை உற்பத்தியாளர் சொல்லும் விசைக்கு டார்க் ரெஞ்சால் இறுக்க வேண்டும். அலுமினியத் தூண் பதித்த பல ஸ்டாக்குகளுக்கு 7 நியூட்டன் மீட்டரை ஒட்டிய அளவு சொல்லப்படுகிறது. மரத்துக்கு அதைவிடக் குறைவு. இவையெல்லாம் சரியாக இருந்தும் ஊர்தல் நிற்கவில்லை என்றால் குழலின் உள்தகைவே மிச்சம். அதற்கு வீட்டில் மருந்தில்லை: குண்டுக்குக் குண்டு கூடுதல் இடைவெளி விடலாம், அல்லது குழலை மாற்றலாம்.

நீண்ட தொடரின் இறுதியில் மட்டும் இலக்கு நடுங்குவது போலவும் மிதப்பது போலவும் தெரிந்தால் அது குழலிலிருந்து எழும் வெப்பக் கானல். குழலின்மேல் நீளவாக்கில் ஒரு கானல் தடுப்புப் பட்டை கட்டினால் நீங்கும்.

அறிகுறி: இடவலமாகப் பரவுகிறது

900 மீட்டரில் பக்கவாட்டுப் பரவலுக்கு முதல் ஐயம் காற்றுமேல்தான் விழ வேண்டும். மேலே சொன்ன .308 குண்டு 1000 கெஜத்தைக் கடக்க ஒன்றரை நொடிக்கும் மேலாகிறது. நொடிக்கு ஒரு மீட்டர் வேகமுள்ள முழுக் குறுக்குக்காற்றைத் தவறவிட்டாலே விலகல் அரை மீட்டரை எட்டும். முகத்தில் உறைக்காத காற்று அது. தோட்டாவைத் திருத்தி இரண்டு சென்டிமீட்டரை மீட்பதற்குச் செலவாகும் உழைப்பில் பாதியைக் கானலைப் படிக்கப் பழகுவதில் செலவிட்டால் இருபது சென்டிமீட்டர் மீளும் என்பது என் உறுதியான கருத்து. தொலைநோக்கியை இலக்கிலிருந்து சற்று முன்னால் இழுத்துக் குவித்தால் கானல் ஓடும் திசையும் சாய்வும் தெரியும். கொதிப்பது போல நேராக மேலே எழுந்தால் காற்று அடங்கியிருக்கலாம், அல்லது உங்களை நோக்கியோ உங்களிடமிருந்தோ நேராக வீசலாம். அந்தக் கொதிப்புத்தான் திசை மாறப்போகும் வேளையும் என்பதால் அப்போது சுடுவதைத் தவிர்ப்பது நல்லது. காற்று வலுத்து மணிக்கு 20 கி.மீட்டரை நெருங்கினால் கானல் கிடைமட்டமாகப் படுத்துவிடும். அதற்குமேல் அது வேகத்தைக் காட்டாது, கொடிகளையே நம்ப வேண்டும். சுடுபவருக்கு அருகில் உள்ள கொடியை அலட்சியம் செய்யாதீர்கள்: தொடக்கத்திலேயே திசை மாறிய குண்டு மீதிப் பாதை முழுவதும் அந்தத் திசையிலேயே போகும்.

காற்றே இல்லாத நாளிலும் பரவுகிறது என்றால் சாய்வைச் சோதியுங்கள். 100 மீட்டரில் ஜீரோ செய்த (குறிவைத்த இடத்திலேயே குண்டு விழுமாறு அமைத்த) ஸ்கோப்பில் 1000 கெஜத்துக்காக ஏறத்தாழ 11 மில் உயர்த்தியிருக்கும் நிலையில், துப்பாக்கி ஒரே ஒரு பாகை சாய்ந்தாலும் குண்டு 0.19 மில், அதாவது 17 செ.மீட்டருக்கும் மேலாக, சாய்ந்த பக்கமே விலகும். கண்ணுக்கு ஒரு பாகை தெரியாது. குறிப்பாக அரங்கின் தரையோ பின்மேடோ சரிவாக இருந்தால் மனம் அந்தச் சரிவையே சமதளமாக எடுத்துக்கொள்ளும். ஸ்கோப்பில் ஒரு சிறிய குமிழ்மட்டம் பொருத்துவது மலிவான தீர்வு.

பரவலாக இல்லாமல், 100 மீட்டரில் நடுவிலும் 900 மீட்டரில் எப்போதும் வலப்பக்கமும் குரூப் முழுவதுமாக விழுந்தால் அது வேறு கதை. வலமுறுக்குக் குழலில் சுழற்சியால் வரும் இயல்பான விலகலே இத்தூரத்தில் 20 முதல் 25 செ.மீ. இருக்கும், அதைக் கணக்கில் சேர்த்துவிட்டால் போதும். அதைவிட அதிகமாக விலகினால் ஸ்கோப் சாய்வாகப் பொருத்தப்பட்டிருக்கலாம்.

அறிகுறி: இரண்டு தனித்தனிக் குரூப்புகள், அல்லது நாளுக்கு நாள் இடம் மாறும் ஜீரோ

இரண்டு நல்ல குரூப்புகள் இடைவெளி விட்டு விழுவது, ஏதோ ஒன்று இரண்டு நிலைகளுக்கிடையே தாவுகிறது என்பதற்கு அடையாளம். ஸ்கோப்பின் வளையங்கள், அவை அமரும் அடிப்பட்டை, அடிப்பட்டையை ஆக்‌ஷனில் பிடிக்கும் திருகுகள் ஆகியவற்றை இந்த வரிசையில் சோதியுங்கள். அடிப்பட்டைத் திருகுகள் மற்றவற்றின் கீழே மறைந்திருப்பதால் பலரும் பார்ப்பதில்லை. பெரும்பாலும் குற்றம் அங்கேதான். வளையத் திருகுகளை மிகையாக இறுக்குவதும் பிழைதான்: 2 நியூட்டன் மீட்டர் அளவே பல வளையங்களுக்குப் போதும், அதை மீறினால் ஸ்கோப்பின் குழாய் நசுங்கி உள்ளிருக்கும் பாகங்கள் சிக்கிக்கொள்ளும். இறுக்கிய பிறகு வளையத்துக்கும் ஸ்கோப்புக்கும் குறுக்கே பெயின்ட் பேனாவால் ஒரு மெல்லிய கோடு இட்டால், நழுவினால் கோடு உடைந்து தெரியும்.

இடமாறு தோற்றப்பிழை, அதாவது பேரலாக்ஸ், இதே போன்ற அறிகுறியைத் தரும். துப்பாக்கியை அசையாமல் பைமேல் வைத்து, தலையை மட்டும் மேலும் கீழும் பக்கவாட்டிலும் அசைத்துப் பாருங்கள். குறிக்கோடு இலக்கின்மேல் நகர்ந்தால் பக்கத் திருகைச் சரிசெய்ய வேண்டும். அந்தத் திருகில் பொறித்திருக்கும் தூர எண்களை நம்ப வேண்டாம், கண்ணையே நம்புங்கள். இவற்றுக்குப் பிறகும் தாவல் நீங்கவில்லை என்றால், நம்பிக்கையான வேறொரு ஸ்கோப்பை மாற்றிப் பொருத்திச் சுடுவதைவிட விரைவான சோதனை இல்லை.

அறிகுறி: குரூப் நன்று, ஆனால் கணிப்பு சொல்லும் உயரத்தில் விழவில்லை

இங்கே துப்பாக்கிமேல் குறையில்லை. குண்டின் பாதையைக் கணிக்கும் கணிப்பானின் கணக்கில் எங்கோ தவறான எண் நுழைந்திருக்கிறது. எந்த எண் என்பதைத் தூரத்தோடு பிழை வளரும் விதம் காட்டிக்கொடுக்கும்.

திருகிய அளவுக்கு ஏற்ப, எல்லாத் தூரத்திலும் ஒரே விகிதத்தில் பிழை வந்தால் ஸ்கோப்பின் கிளிக்குகள் சொல்லும் அளவு நகரவில்லை. 100 மீட்டரில் உயரமான தாளொன்றை மாட்டி, தூக்குக்குண்டு கட்டி ஒரு செங்குத்துக் கோடு வரையுங்கள். கீழே ஒரு புள்ளியைக் குறிவைத்துச் சுட்டபின், அதே புள்ளியைக் குறிவைத்தபடி 10 மில் உயர்த்திச் சுடுங்கள். குண்டு சரியாக 100 செ.மீ. மேலே விழ வேண்டும். 97 செ.மீ. விழுந்தால் அந்த 3 விழுக்காட்டுக் குறைவைக் கணிப்பானில் சேர்த்துவிடலாம். தூரத்தை அடிக்கணக்கில் அல்லாமல் நாடாவால் அளந்து கொள்ளுங்கள். 100 கெஜத்தை 100 மீட்டர் என்று எண்ணிக்கொண்டு ஸ்கோப்பைத் திருப்பி அனுப்பியவர்கள் உண்டு. குண்டுகள் மேலேறும்போது செங்குத்துக் கோட்டை விட்டு விலகினால், முன்சொன்ன ஸ்கோப் சாய்வும் இங்கேயே அகப்பட்டுவிடும்.

கிளிக்குகள் சரியாக இருந்து, நடுத்தூரத்திலேயே பிழை தலைகாட்டிச் சீராக வளர்ந்தால் புறப்படும் வேகம் தவறாகக் கொடுக்கப்பட்டிருக்கும். தோட்டாப் பெட்டியில் அச்சிட்ட வேகம் உங்கள் குழலின் நீளத்துக்குரியது அல்ல; உங்கள் குழலில் அளந்ததையே கொடுக்க வேண்டும். 600 மீட்டர் வரை எல்லாம் பொருந்தி அதற்குப் பிறகே பிழை பெருகினால், காற்றடர்த்தியையோ காற்றுத் தடையைக் குண்டு எவ்வளவு வெல்லும் என்று சொல்லும் பாலிஸ்டிக் குணகத்தையோ பார்க்க வேண்டும். இவற்றில் இரண்டு தவறுகள் திரும்பத் திரும்ப நிகழ்கின்றன. ஒன்று, ஜி1, ஜி7 என்ற இரு அளவு முறைகளைக் குழப்பி, ஜி1 முறையில் சொல்லப்பட்ட குணகத்தை ஜி7 முறையில் உள்ளிடுவது. ஒரே குண்டுக்கு ஜி7 எண் ஜி1 எண்ணில் பாதியளவே இருக்கும் என்பதால், இந்தத் தவறு குண்டைக் கணிப்பானில் அம்பாக மாற்றிவிடும். மற்றொன்று அழுத்தம். வானிலைச் செயலிகள் காட்டுவது கடல்மட்டத்துக்குத் திருத்திய அழுத்தம். கணிப்பானுக்கு வேண்டியது நீங்கள் படுத்திருக்கும் இடத்தின் உண்மை அழுத்தம். 1000 மீட்டர் உயரத்தில் இயல்பு நிலையில் அது ஏறத்தாழ 899 ஹெக்டோபாஸ்கல். செயலி 1013 என்று காட்டும். இந்த வேறுபாடு 1000 கெஜத்தில் அரை மில்லுக்கும் மேல் பிழையாக வந்து சேரும். உண்மை அழுத்தத்தைக் கொடுத்தால் இடத்தின் உயரத்தைத் தனியே கொடுக்கக் கூடாது.

அறிகுறி: தாளில் வட்டத்துளைக்குப் பதில் நீள்துளை; அல்லது மின்னணு இலக்கு குண்டையே பதிவதில்லை

நீள்துளை என்றால் குண்டு பக்கவாட்டாகப் புரண்டு வந்திருக்கிறது. 100 மீட்டரிலேயே இப்படி வந்தால் குழலின் முறுக்கு அந்தக் குண்டின் நீளத்துக்குப் போதவில்லை, அல்லது குழல்வாயில் பொருத்திய ஒலி அமுக்கியையோ உதைப்பைக் குறைக்கும் பிரேக்கையோ குண்டு உரசுகிறது. பின்னதைச் சந்தேகித்தால் அடுத்த குண்டைச் சுடாமல் பொருத்தத்தை நேராக்க வேண்டும். முறுக்குப் போதுமா என்பதை டான் மில்லரின் சூத்திரத்தால் கணக்கிடலாம். நிலைத்தன்மை எண் 1-க்குக் கீழே போனால் குண்டு புரளும், 1.5 இருந்தால் நிம்மதி. எடையைவிடக் குண்டின் நீளமே இதில் முக்கியம். ஈயமில்லாத செம்புக் குண்டுகள் ஒரே எடைக்கு நீண்டிருப்பதால் வேகமான முறுக்கைக் கேட்கும்.

அருகில் வட்டமாகவும் தொலைவில் மட்டும் நீளமாகவும் துளை விழுந்தால், குண்டு ஒலியின் வேகத்தை நெருங்கும்போது தள்ளாடுகிறது. 15 பாகை செல்சியஸில் ஒலியின் வேகம் நொடிக்கு 340 மீட்டர்; .308-இன் 175 கிரெயின் குண்டு 1000 கெஜத்தை அடையும்போது அதைச் சற்றே தாண்டிய வேகத்தில்தான் இருக்கும். 300 மீட்டர் போட்டிக்காக வடிவமைக்கப்பட்ட சியரா நிறுவனத்தின் 168 கிரெயின் மேட்ச்கிங் இதற்குப் பேர்போன எடுத்துக்காட்டு: அதன் பின்புறச் சரிவு 13 பாகை, 600 கெஜம் வரை அருமையாகப் பறந்து, 1000 கெஜத்துக்கு முன்பே நிலை தடுமாறும். இதை மருந்தைக் கூட்டிச் சரிசெய்ய முயல்வது ஆபத்தான வழி. குண்டை மாற்றுவதே சரியான வழி. ஒலி உணரிகளால் இயங்கும் திறந்த வகை மின்னணு இலக்குகள் குண்டின் அதிர்ச்சி அலையைக் கேட்டே இடத்தைக் கணிக்கின்றன. எனவே ஒலியைவிட மெதுவாக வந்த குண்டு தாளைத் துளைத்திருந்தாலும் திரையில் வராது.

அறிகுறி: பல மாதமாக மெல்ல மங்கும் துல்லியம்

முதலில் சுத்தம் செய்யுங்கள், ஆனால் எதைச் சுத்தம் செய்கிறீர்கள் என்று அறிந்து செய்யுங்கள். செம்புப் படிவுக்கு ஒரு கரைப்பான், கரிப்படிவுக்கு வேறொன்று. உறையின் வாய் முடியும் இடத்துக்கு முன்னால் கரி வளையமாக இறுகினால், அது துல்லியத்தை மட்டுமன்றி அழுத்தத்தையும் உயர்த்தும். முன்பு இயல்பாக இருந்த தோட்டா திடீரென்று போல்ட்டை இறுக்கத் தொடங்கினால் இதை நினைவில் கொள்ளவும். குழலின் உள்ளே பார்க்கும் போர்ஸ்கோப் இருந்தால் ஒரு நிமிடத்தில் தெரிந்துவிடும். அதே கருவியில் குழலின் தொண்டைப்பகுதி வறண்ட குளத்தின் தரைபோல் வெடித்துத் தெரிவதைக் கண்டு பயந்துவிட வேண்டாம்: எல்லாக் குழலும் அப்படித்தான் ஆகும், இலக்கில் குறை தெரியாத வரை அது குறையே அல்ல. தொண்டை தேய்ந்து முன்னேறினால் மட்டும் அளந்து குறித்துக்கொள்ளுங்கள். .308 குழல் சில ஆயிரம் குண்டுகள் தாங்கும். சிறு துளையும் பெரிய உறையும் கொண்ட 6 மி.மீ. வகைகள் அதில் பாதிகூடத் தாங்குவதில்லை.

எந்த வடிவமும் இல்லாத சிதறல்

மேலும் கீழும் இடமும் வலமும் ஒழுங்கின்றிச் சிதறினால், துப்பாக்கியை வேறொரு தேர்ந்த கைக்குக் கொடுத்துப் பத்துக் குண்டுகள் சுடச் சொல்லுங்கள். அவருக்குக் குரூப் வந்தால் பிழை உங்கள் பிடியில் இருக்கிறது. அதைக் கண்டறிய நண்பர் ஒருவர், நீங்கள் பாராதபோது, உண்மைத் தோட்டாக்களுக்கிடையே பிரைமரும் மருந்தும் இல்லாத, நிறத்தால் பிரித்தறியக்கூடிய போலித் தோட்டாவை ஏற்றித் தர வேண்டும். விசை விழுந்தும் வெடிக்காத அந்தக் கணத்தில் குறிக்கோடு துள்ளினால், தோளோ விரலோ உதைப்பை எதிர்பார்த்து முந்திக்கொள்கிறது என்று பொருள். வெற்றுத் துப்பாக்கியில் விசை பழகுவதே இதற்கு நிவாரணம். போலித் தோட்டாதான் என்று உறுதியாகத் தெரியாத எந்தத் தோட்டா வெடிக்காமல் போனாலும், முன்சொன்ன காத்திருப்பு விதி இங்கும் பொருந்தும்.

ஒவ்வொரு குண்டுக்கும் விசை விழுந்த கணத்தில் குறிக்கோடு எங்கே இருந்தது என்பதை, இலக்கு காட்டும் முன்பே குறிப்பேட்டில் எழுதுங்கள். எழுதிய இடத்திலேயே குண்டும் விழுந்திருந்தால் துப்பாக்கியும் தோட்டாவும் சொன்னபடி கேட்கின்றன. எழுதிய இடம் நடுவிலும் குண்டு வேறிடத்திலும் இருந்தால், அந்த விலகல்களை மட்டும் தனித் தாளில் குறித்து, மேலே சொன்ன வடிவங்களில் எதை ஒத்திருக்கின்றன என்று பார்த்து அந்தப் பகுதியிலிருந்து தேடலைத் தொடங்கலாம். முதல் குண்டு மட்டும் எப்போதும் ஒரே பக்கம் தனித்து விழுந்தால், அது சுத்தம் செய்த குளிர்ந்த குழலின் இயல்பு. விதி அனுமதிக்கும் சோதனைக் குண்டுகளில் அதைக் கழித்துவிட்டு, இரண்டாவதிலிருந்து கணக்கெடுக்க வேண்டும்.